ராஜேந்திரன் மாட்டாத கேம்ஷாஃப்ட்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மெக்கானிக் ராஜேந்திரன், அவர் மனைவி செல்வி, பஞ்சர் கடை காதர் பாய், என் மகன் கதிரவன், நான். போன செவ்வாய்க்கிழமை காலையில் செல்விதான் போன் செய்து, "அக்கா, அவரு போயிட்டாருங்க" என்றாள். இனி நான்கு பேர். பின்னால் யாரும் மறுக்கக் கூடாது என்றுதான் பெயர்களை முதலில் எழுதுகிறேன். பெரம்பலூரில் அவரைத் தெரிந்தவர்கள் படித்தால் போதும்.

கதிரவனிடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அவன் மாமனார் கொடுத்தது. ராஜேந்திரனைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியே கொடுத்தார். சனி, ஞாயிறு மட்டும் எடுப்பான். அது இன்னும் சீற வேண்டும், பந்தயக் கார் கேம்ஷாஃப்டை மாட்டுங்கள் என்று போய் நின்றான். இஞ்சினுக்குள் வால்வைத் திறந்து மூட வைக்கிற தண்டு அது.

ராஜேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். பின்சீட்டில் நான் மடங்கி உட்கார்ந்தேன். கதிரவன் ஓட்ட, அரியலூர் வரை போய் வந்தோம். முன்னாலும் சிமெண்ட் லாரி, பின்னாலும் சிமெண்ட் லாரி. இஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் முள்ளையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பியதும் சொன்னார்: "முள்ளு ஐயாயிரத்தத் தாண்டுனது ரெண்டே தடவ தம்பி. நீ கேக்குற கேம் அதுக்கு மேலதான் இழுக்கும். லாரி பின்னால ஊர்றப்ப ஆஃப் ஆயி ஆஃப் ஆயி நிக்கும். மட்டா ஒண்ணு இருக்கு, போட்டுத் தரேன்."

"பயந்தாங்கொள்ளி கேமா?"

"ரோட்டுக்கு ஏத்த கேமு."

"ஏன் ராஜு, தம்பி கேக்குறதப் போட்டா லாரியெல்லாம் ஒதுங்கி நிக்குமா?" என்று பாய் சிரித்தார்.

கதிரவனுக்கு முகம் கறுத்தது. "நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"பாத்துக்க. வால்வு பிஸ்டன்ல முட்டாம எடம் இருக்கான்னு மட்டும் அளந்து பாக்கச் சொல்லு. அளக்காம ஓட்டிராத."

வேறு ஊரில் போய் மாட்டினான். யாரும் அளக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, குரும்பலூர் தாண்டி முள்ளை ஏற்றியபோது வால்வு பிஸ்டனில் மோதி இஞ்சின் நொறுங்கியது. மாமனார் கேட்டதற்கு, "ராஜேந்திரன்தான் மாட்டினார்" என்றான். அவர் அதை ஊரெல்லாம் சொன்னார். கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வருவதை நிறுத்தினார்கள்.

"ஒங்க சம்பந்திகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. ஒங்க மருமவ பொழப்புல சண்ட வரும். எனக்கு டிராக்டர் வேல இருக்கு" என்றார் ராஜேந்திரன். அதையே சாக்காக வைத்துக்கொண்டு ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தப்பும் இருக்கிறது.

அவர் உடலை எடுப்பதற்கு முன்னால் கதிரவன் மாலையோடு வந்தான். போட்டுவிட்டு, "நல்ல மனுஷன். என் வண்டியிலதான் தப்பு பண்ணிட்டாரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான். செல்வியின் காதிலும் விழுந்தது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

நேற்று மருமகளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். இன்று உங்களிடம் சொல்கிறேன். அந்த கேம்ஷாஃப்டை ராஜேந்திரன் தொடவில்லை. உடம்பும் மனசும் அலுத்துவிட்டன, மறக்கத்தான் வரமாட்டேன் என்கிறது. அவர் யார்மேலும் கோபம் வைக்காமல் போய்விட்டார். அவர் பட வேண்டிய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். சம்பந்தியை மன்னித்துவிட்டேன், அவர் காதில் விழுந்ததைச் சொன்னவர். மன்னிக்க முடியாதது ஒருவனைத்தான், என் மகன் கதிரவனை.