தண்ணீர் வேண்டாம் என்ற மிஷின்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெயர் ரகுபதி. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் இது என் கதையில்லை, எங்கள் கேன்டீன் பாஞ்சாலியின் கதை.

பாஞ்சாலிக்கு ஒரகடம் பக்கம். நடவு, களையெடுப்பு என்று இருந்தவள் எண்பதாம் வருஷம் கேன்டீனில் தட்டு கழுவச் சேர்ந்தாள். ஒரு வேளைக்கு நானூறு எவர்சில்வர் தட்டு. நான்கு பெண்கள், இரண்டு தொட்டி, சாம்பல், தேங்காய் நார். நாள் முழுக்க ஈரத்தில் ஊறி அவளுக்கு விரலிடுக்கெல்லாம் புண். காரக்குழம்பை ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். அதனால் ஸ்பூனால்தான் சாப்பிடுவாள். "தொரசாணி வந்துட்டாங்கடி, ஸ்பூன எடுத்து வையி" என்று கூட வேலை செய்யும் முனியம்மாள் கிண்டல் செய்வாள். பாஞ்சாலியும் சேர்ந்து சிரிப்பாள்.

ஐந்து வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து தட்டு கழுவும் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினால் தானே தண்ணீர் பிடித்து, தானே சூடாக்கி, தானே கழுவும். மற்ற மூன்று பேரும் கிட்டே போகவே பயந்தார்கள். பாஞ்சாலி மட்டும், "இன்னா, கடிச்சா வெச்சிடும்?" என்று போய் அமுக்கினாள். அன்றைக்கே அவளை மிஷின் ஆபரேட்டர் ஆக்கிக் காக்கிக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் பரிமாறும் வேலைக்குப் போனார்கள். இரண்டே மாதத்தில் பாஞ்சாலியின் கைப்புண் ஆறிப்போனது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து, இரண்டு நாள் லீவு கழித்துக் கேன்டீனைத் திறந்தால் மிஷின் தண்ணீரே பிடிக்கவில்லை. விளக்கு எரிகிறது, உறுமுகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். குழாய் திறந்துதான் இருந்தது. ஹோஸ் எங்கேயும் மடங்கவில்லை. அதைக் கழற்றி, வாயிலிருந்த சல்லடையைக் கழுவி மாட்டினேன். தண்ணீர் வேகம் போதவில்லையோ என்று பக்கெட்டில் பிடித்துப் பார்த்தேன். மளமளவென்று நிரம்பி என் பேன்ட்தான் நனைந்தது. கடைசியில் தண்ணீரை உள்ளே விடுகிற வால்வில் டெஸ்டரை வைத்தேன். கரண்டே வரவில்லை. "போர்டு போச்சு. வெளிநாட்டிலேர்ந்துதான் வரணும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

கேன்டீன் ஆபீசர் தாண்டவராயனுக்கு அது போதும். "சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா மிஷினப் பெட்டியில போட்டுக் கட்டுங்க. தொட்டியைக் கழுவி வைங்க. பாஞ்சாலி, அந்தக் கோட்ட ஸ்டோர்ல குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஞ்சாலி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். என் எதிரில் வந்து இரண்டு கையையும் விரித்தாள். "இந்தக் கைய பாருண்ணா. ரெண்டு மாசமாத்தான் கையால சோறு துண்றேன். மறுபடியும் தொட்டியா? இன்னொரு தபா பாருண்ணா."

"பதினஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு. நீ எனக்குச் சொல்லித் தரியா?" என்று எரிந்து விழுந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் நேரே மிஷினிடம் போனாள். பொத்தானை அமுக்கி மிஷினில் காதை வைத்தாள். அணைத்தாள். மறுபடி அமுக்கினாள். பிறகு கத்தினாள்: "அண்ணா, இங்க வா! இது தண்ணி புடிக்கிற சத்தம் இல்ல, வெளிய தள்ற சத்தம். ரொம்பி வழியுதுன்னு நெனச்சிகினு கீது!"

"காலி வயிறு எப்படிம்மா ரொம்பும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். பந்தியில குந்துனதுமே போதும் போதும்னு எலைய மூடிட்டா இன்னா அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. மிஷினின் அடியில் ஒரு மிதவை உண்டு. தண்ணீர் அளவு மீறினால் அது மேலே எழும்பும், உடனே வால்வுக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும். பதினைந்து வருஷ சர்வீஸ் அதைச் சுத்தமாக மறந்திருந்தது. "மூலையில கிண்ணத்தைக் கவுத்தாப்புல ஒண்ணு இருக்கும், அதப் பாரு" என்று டார்ச்சை அடித்தேன்.

பாஞ்சாலி தலையை உள்ளே விட்டாள். வெளியே வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ அண்ணா, நான்தான். பூஜை அன்னிக்கு மோட்டாருக்கு, கதவுக்கு, சுச்சுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சேனா? உள்ள பாத்தா மூலையில புள்ளையாராட்டம் குந்திகினு கீறாரு. அவர மட்டும் வுட்டா கோச்சிக்க மாட்டாரா? தூக்கி அடியிலகூட தடவிட்டேன்."

இரண்டு நாள் லீவில் சந்தனம் காய்ந்து சிமென்ட்டாகி, பிள்ளையார் எழும்பினவர் எழும்பினபடியே ஒட்டிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன், அவள் ஈரத்துணியால் தேய்த்தாள். டக்கென்று மிதவை இறங்கியது. பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் சோவென்று பாய்ந்தது பாருங்கள், முனியம்மாள் குலவையே போட்டுவிட்டாள்!

நான் மெதுவாக, "சந்தன விஷயத்த வெளிய சொல்லாத. சல்லடை அடைப்புன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"வாணாண்ணா. நாளைக்கு வேற எவளாவது பொட்டு வெச்சா?" என்றவள், சத்தம் கேட்டு வந்த ஆபீசரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

தாண்டவராயன் மிஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "பொட்டு வெச்சது இவ, கண்டுபுடிச்சது இவ, தொடச்சி எடுத்ததும் இவ. நீ இன்னாய்யா பண்ண ரகுபதி?"

"அப்பிடி சொல்லாதீங்க சார்," என்றாள் பாஞ்சாலி. "அண்ணன்தான் டார்ச் லைட்டு புடிச்சாரு."

கேன்டீனே அதிர்ந்தது. ஆபீசருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆணியிலிருந்த கோட்டை அவரே எடுத்து நீட்டி, "போட்டுக்கோம்மா, நானூறு தட்டு கெடக்குது" என்றார்.

பாஞ்சாலி கோட்டை மாட்டிப் பட்டனைப் போட்டுக்கொண்டாள். எனக்கோ சொல்ல முடியாத சந்தோஷம். அன்றைக்குத் தட்டு அடுக்கிக் கொடுத்தது நான்தான்.