கறுப்புக் காரும் வெள்ளிக்கிழமை வட்டங்களும்

கார் பெயிண்டில் கீறல் எடுக்கும் தொழிலில் வெயில்தான் எங்களுக்கு முதலாளி. அது வந்து காட்டிக் கொடுக்கும் வரைக்கும் எல்லாக் காரும் புதுக் கார்தான். கறுப்புக் கார் வைத்திருக்கும் சொந்தங்களே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். நிழலில் நிற்கும்போது குளம் மாதிரி கிடக்கும். வெயிலுக்கு நகர்த்தினால் போதும், சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாய்க் கீறல். கோலா சிலாங்கூரில் ஆற்றோரக் கடைவரிசையில் இருக்கும் என் பட்டறைக்கு அப்படி வந்து போன ஒரு காரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

உள்ளே ஓடும் மேகம்

துளசி அக்கா முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை காலை. கம்போங் குவாந்தான் தாண்டி பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பாவோடு இருக்கிறார். கிள்ளானில் ஆபீஸ் வேலை. சொந்தச் சம்பளத்தில் எடுத்த முதல் கார். கூரை, கதவு எல்லாம் சுத்தம். பானட்டின் நடுவில் மட்டும், ஒரு கை வீசும் அகலத்துக்குக் கீறல்கள் சுற்றிச் சுற்றிக் கிடந்தன.

நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் உண்டு. கீறல் விழுவது அதில்தான். மிஷினால் படலத்தைக் கொஞ்சம் தேய்த்து இறக்கினால் கீறல் காணாமல் போகும். மிஷின் முனக ஆரம்பித்தால் எனக்குப் பாதித் தூக்கம் மாதிரி ஒரு சுகம். மங்கல் விலகி அடியிலிருந்து கறுப்பு மேலே வரும். அதில் ஒரு மேகம் வந்து நிற்கும், கொக்கு ஒன்று குறுக்கே போகும். நிமிர்ந்து பார்த்தேன், அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மேகம் மேல ஓடுதா, உள்ள ஓடுதா தம்பி?"

குரங்கு மேல் பழி

சில மாதம் கழித்து அதே இடத்தில் அதே வட்டங்கள். கார் கழுவும் கடைப் பையன்கள் வேலைதான் என்றார் அக்கா. அப்படியென்றால் கதவும் கீறியிருக்குமே என்றேன். யோசித்துவிட்டு, தோழிகளோடு மலைக்குப் போனபோது ஒரு குரங்கு பானட்டில் ஏறி உட்கார்ந்து கடலை தின்றதாகச் சொன்னார். படலத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். மெலிந்திருந்தது. இந்த முறை போக இன்னும் ஒரு தடவை தாங்கும், அதற்கு மேல் தேய்த்தால் நிறமே போய்விடும் என்றேன். கூடவே, குரங்கு நகம் நேராக இழுக்கும் அக்கா, இது துடைத்துத் துடைத்து வந்த வட்டம் என்றும் சொன்னேன்.

"அப்ப அந்தக் குரங்கு துணி எடுத்துத் துடைச்சிருக்கும்லா."

ஒரு டிஷ்யூ

மூன்றாம் முறை வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து நேராக வந்தார். பானட்டில் மூன்று வெள்ளைக் கோடுகள், நடுவில் குங்குமம். அவருடைய அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். அந்தக் காலத்தில் லோரிக்குப் பூசியதுபோலவே, இப்போது வெள்ளிதோறும் மகள் காருக்குத் திருநீறு பூசி அனுப்புகிறார். "இருங்க தம்பி, இதை எடுத்துடுறேன்" என்று அக்கா ஒரு காய்ந்த டிஷ்யூவை உருவிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். வெயில் சரியாக அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிறப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

சாம்பலும் மாவாய் அரைத்த மணல் மாதிரிதான் அக்கா, காய்ந்ததைத் தேய்த்தால் கீறும் என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. அவர் டிஷ்யூவைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். வாரா வாரம் ஆபீஸில் இறங்கியதும் இதைத்தான் செய்கிறாராம், கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களே என்று. சாயங்காலம் அப்பா கேட்டால் காற்றில் போய்விட்டது என்பாராம்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. இதைப் பூசுற தைரியத்துலதான் என்னை அந்த லோரி ஓடுற ரோட்டுல விடுறாரு."

காற்று மேல் பழி

மறுநாள் காரை எடுக்க அப்பாவே வந்துவிட்டார். நான் கடைசித் தடவையும் தேய்த்து முடித்திருந்தேன். விரல் படாமல் குனிந்து பானட்டில் தன் முகத்தைப் பார்த்தார். "யாரு தம்பி கீறுறது? சொல்லு, நான் போயிப் பேசிக்கிறேன்" என்றார். காய்ஞ்ச துணி அங்கிள் என்றேன். "யார் கைத்துணி?" நான் வாளியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"என் லோரில பூசுனா மழை வந்தாத்தான் போகும். இவ கார்ல மட்டும் காத்துக்கே போயிடுதாம். சரி, வேணாம்னா விட்டுடுவோம்."

பூசாத வெள்ளி

அடுத்த வெள்ளி சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும் வழியில் நிறுத்தினார். அப்பா பூசவில்லையாம், ஏன் என்று சொல்லவும் இல்லையாம். பானட் ஒரு கீறல் இல்லாமல், மஞ்சள் வானம் மொத்தத்தையும் வாங்கி வைத்திருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. பின்னால் குலை லோரி வந்தாலே ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன் என்றார். கீறாமல் பூச வழி இருக்கிறதா என்று கேட்டார். தண்ணீரில் குழைத்து மெதுவாக வைக்கச் சொல்லுங்கள், எடுக்கும்போது தேய்க்காமல் தண்ணீர் ஊற்றினால் தானாக ஓடிவிடும் என்றேன்.

"அது சுலபம் தம்பி. அப்பாகிட்ட நானே போயிக் கேக்கணுமே, அதான் கஷ்டம்."

மூன்று கோடுகள்

கேட்டிருக்கிறார். அதற்கடுத்த வெள்ளி மாலை, கதவுக்கு மெழுகு போட வந்தபோது பானட்டில் மூன்று கோடுகளும் காலையில் வைத்தபடி இருந்தன. ஆபீஸ் சீனத் தோழி ஒருத்தி, இதுதான் சேஃப் என்று தன் காரை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இதில் ஏறிக்கொண்டாளாம். பழக்கத்தில் நான் தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு பானட் பக்கம் போனேன்.

"ஊத்தாதீங்க தம்பி. வீட்டுக்குப் போனதும் அப்பா பாக்கணும்."

பளபளப்பை விற்றுப் பிழைக்கும் நான், துடைக்காமல் மனநிறைவோடு அனுப்பி வைத்த ஒரே கார் அதுதான்.