சைனா அரிசி

எங்கள் நைனாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ‘மேட் இன் சைனா’ மட்டும் தெரியும். அதைப் படிப்பார் என்று சொல்ல முடியாது. கடன்காரனைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வதுபோல அந்த எழுத்து வரிசையைக் கண்டுகொள்வார். டார்ச்சோ செருப்போ பிளாஸ்டிக் குடமோ, வீட்டுக்குள் எது வந்தாலும் முதல் வேலையாகத் தலைகீழாகப் புரட்டி அடியைப் பார்ப்பார். எழுத்து இருந்தால் “சைனா” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். நைனா அதையும் புரட்டினார். பிறகு மாப்பிள்ளையையும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு சைனா என்பது ஒரு தேசத்தின் பெயரே இல்லை. சீக்கிரம் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். ஒரே மழையில் பெயர்ந்த ரோடு சைனா ரோடு. எலெக்‌ஷன் முடிந்ததும் காணாமல்போகும் வாக்குறுதி சைனா வாக்குறுதி. ஆடி மாதம் தாய்வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாத பெண்ணின் கல்யாணத்தைக்கூட சைனா கல்யாணம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதற்கு எதிர்ச்சொல் ஒரிஜினல். நைனாவைக் கேட்டால் இந்த உலகத்தில் ஒரிஜினல் என்று மிச்சமிருப்பது ஏரி இறாலும் அவரும் மட்டும்தான்.

அவர் வெறும் கையால் இறால் பிடிக்கிறவர். வலை கிடையாது, படகு கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்துகொண்டே சேற்றைத் தடவுவார். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார். அகப்பட்ட இறாலெல்லாம் அதற்குள் போகும். வாயில் பறி இருக்கும் நேரமெல்லாம் பேச முடியாது அல்லவா, அந்தப் பாக்கியையெல்லாம் கரையேறியதும் பேசித் தீர்ப்பார். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. இது கல், இது சிப்பி, இது இறால், இது நண்டு, கையை எடு என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். அந்த விரலால்தான் எனக்கு வினை வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் நைனா வீட்டிலேயே இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு ஃபேன் கம்பெனியில் வேலை. மோட்டார், இறக்கை, ஸ்விட்ச் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். இங்கே நாலு திருகை முடுக்கி, இந்தியாவில் தயாரித்தது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது என் வீட்டுக்காரர். யாராவது விசாரித்தால் நைனா முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, “எங்க மாப்ள இன்னா வேல பண்றாருன்னு கேக்கறியா? இந்தியாவ ஒட்றாரு” என்பார். அந்த ஸ்டிக்கர் சுருளும் அதே கப்பலில்தான் வருகிறது என்று மனுஷன் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நைனாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

போன வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் பெட்டி வருவது நின்றது. எங்கேயோ சண்டை, எங்கேயோ கப்பல் நிற்கிறது, பெட்டி வரும்வரை யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஒட்டுவதற்கு இந்தியா நிறைய இருந்தது, ஒட்டிக்கொள்ளத்தான் ஃபேன் இல்லை. இந்தப் பக்கம் அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. ஏன் என்று கேட்டால் மளிகைக் கடைக்காரரும் கப்பல் கதையையே சொன்னார்.

நைனா விடவில்லை. “கப்பல் நிக்குது, கப்பல் நிக்குதுன்றியே, தெனம் நம்ம முகத்துவாரத்துக்கு அந்தாண்டதானே நிக்குது. நீந்திப் போயி கேட்டுக்கினு வரட்டுமா?”

“அது வேற கப்பல் பெரியவரே.”

“அப்போ நம்ம கப்பல் எது? வெல ஏத்தறதுக்கு மட்டும் வர்ற கப்பலா?”

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது, குழம்புக்கு மட்டும் உண்டு. பருப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, எண்ணெய் மலேசியாவிலிருந்து வருகிறது. வாசலில் பிறந்த இறாலோ ஐஸ் பெட்டியில் ஏறி முகம் தெரியாத வெளிநாட்டுக்காரன் தட்டுக்குப் போகிறது. வியாபாரி கழித்துப்போட்ட பொடிசைத்தான் நாங்கள் ஆக்கித் தின்போம். இந்த ஊர்ச் சோறு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது அரிசி ஒன்றுதான். பக்கத்து ஊரான திருப்பாலைவனத்து நெல்லில் அடித்த நல்ல அரிசியைத்தான் கடையில் வாங்குவோம். சம்பளம் நின்ற பிறகு அதுவும் கட்டுப்படியாகவில்லை. நான் ரேஷன் அரிசிக்கு மாறினேன்.

ரேஷன் அரிசி அதுவரையில் வாங்காமல் இல்லை. பாதியை இட்லிக்கு அரைப்போம், மீதியைக் கோழிக்குப் போடுவோம். இப்போது கோழிகளை ஓரம்தள்ளிவிட்டு நாங்கள் பந்தியில் உட்கார்ந்தோம். கோழிகள் எங்களைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

முதல் நாள் நான் முறத்தில் அரிசியைக் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தேன். நைனா சும்மா கையை விட்டு அளைந்தவர் சட்டென்று நின்றார். இறால் அகப்பட்டால் அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. ஒரு அரிசியை எடுத்து வெயிலில் பிடித்தார். மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சளாக, வழவழவென்று இருந்தது. இன்னொன்று எடுத்தார், அச்சில் வார்த்த மாதிரி அதே அளவு. தண்ணீரில் போட்டார், மிதந்தது.

“சைனா” என்றார்.

பிளாஸ்டிக் அரிசி பற்றி ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. சைனாக்காரன் பிளாஸ்டிக்கில் அரிசி செய்து நம் தலையில் கட்டுகிறான் என்று அதில் ஒருவன் அழாத குறையாகச் சொல்வான். சைனாவில் செய்த எதையும் நம்பாத நைனா, சைனா செல்போனில் வந்த அந்த வீடியோவை மட்டும் அப்படியே நம்பினார். புரட்டிப் பார்க்க அரிசிக்கு அடிப்பக்கம் இல்லையே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை.

அன்றிலிருந்து என் சாப்பாட்டு அரிசிக்கு அவர்தான் காவல். ஏரியிலிருந்து வந்து குளித்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொள்வார். அரிசியைப் பார்க்கவே மாட்டார். அடுத்த வீட்டு வம்பைப் பேசிக்கொண்டே விரலை விட்டுத் தடவுவார், வழவழப்பாக இருப்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்றுகூடத் தப்பாது. பொறுக்கியதைக் கலெக்டரிடம் காட்டப்போகிறேன் என்று ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தார். டப்பா எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எதற்கு வம்பு?

“இன்னாத்துக்கு நைனா இந்தப் பாடு? எல்லாரும் அதத்தானே துன்றாங்க” என்று ஒருநாள் கேட்டேன்.

“எல்லாரும் துன்னட்டும். ஒங்கம்மாவுக்குத்தான் நான் நல்ல சோறு போடல. ஒனக்காவது கலப்படம் இல்லாம போடறேன்” என்றார்.

என் அம்மா என்னைப் பெற்ற அன்றைக்கே போய்விட்டவள். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். நைனா எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்வார், என் வயிற்றை மட்டும் கிண்டல் செய்ததே இல்லை. அவருக்குள் இருந்தது பயம். அது எனக்கும் இருந்தது.

எனக்கும் ரத்தம் ஏறவில்லை. ஒவ்வொரு முறை சோதித்தபோதும் கிராமத்து நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். சத்து மாத்திரையைக் கண்டாலே எனக்குக் குமட்டும், போட்ட வேகத்தில் வெளியே வந்துவிடும். “இப்படியே இருந்தா பிரசவத்த இங்க பாக்க முடியாதும்மா. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். வழியில வலி வந்துச்சுன்னா எனக்கே பயமா இருக்கு” என்றார். அதைக் கேட்ட நைனா வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பொறுக்கிய அரிசியை மறுபடியும் பொறுக்கினார்.

பிறகு ஒருநாள் நர்ஸ் வீட்டுக்கே வந்தார். நைனா முறமும் கையுமாக இருந்தார். பக்கத்தில் டப்பா நிறைந்திருந்தது.

“இன்னா பெரியவரே பண்றீங்க?”

“பிளாஸ்டிக் பொறுக்கறேன் நர்சம்மா. எல்லாம் சைனா. பாருங்க, எத்தினி கொட்டிக்கிறான்னு.”

நர்ஸ் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது பிளாஸ்டிக் இல்ல பெரியவரே. செறிவூட்டப்பட்ட அரிசி.”

“சேறு ஊட்டினதா?”

“ஐயோ, சேறு இல்ல! சத்து. அரிசி மாவுல இரும்புச் சத்தக் கலந்து, திரும்ப அரிசி மாதிரியே செஞ்சு கலக்கறாங்க. ரத்தம் ஊறறதுக்குத்தான். மாத்திரைதான் நிக்க மாட்டேங்குது, சோத்துல கொஞ்சமாவது சேருதேன்னு நான் நெனச்சுக்கினு இருந்தேன். நீங்க என்னடான்னா அத மட்டும் தேடிப் பொறுக்கி டப்பாவுல போட்டு வச்சிருக்கீங்க!”

வாயில் பறி இல்லாமலே நைனா பேசாமலிருந்ததை அன்றுதான் பார்த்தேன். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை வேளைச் சோற்றிலிருந்து பொறுக்கியதோ, அத்தனையும் அதற்குள் இருந்தது. மகள் பிழைக்க வேண்டும் என்றுதான் அந்த மனுஷன் அதைப் பொறுக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் விரல் டப்பாவுக்குள் போய் அந்த அரிசியையே தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

அவர் அழுதுவிடக் கூடாதே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். “அப்போ இத்தினி வருஷமா சத்தெல்லாம் கோழிக்குத்தான் போயிக்கிது. நம்ம வூட்லயே கோழிங்களுக்குத்தான் நல்ல ரத்தம்.”

நைனா தலையை நிமிர்த்திக் கோழிகளைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஒன்று குழம்பில் கிடந்தது. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்றார் என் வீட்டுக்காரர்.

மாத்திரையை இனி சோறு தின்ற பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டும் என்று நர்ஸ் எங்கள் ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். அதோடு நிற்காமல் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, இரும்புச் சத்து மருந்தைக் சலைன் பாட்டிலில் கலந்து ஏற்ற ஏற்பாடு செய்தார். காபி நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்திலிருந்த நைனா பழக்கதோஷத்தில் அந்தக் குழாய் வந்த கவரை எடுத்துப் புரட்டினார். எழுத்து இருந்தது, நானே பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. கவரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சொட்டு நிற்காமல் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் முறம் ஓயவில்லை. இப்போது விரல் தலைகீழாக வேலை செய்தது. அவர் பங்கு அரிசியில் இருக்கும் வழவழப்பையெல்லாம் பொறுக்கி என் பங்கில் போட்டார். என் சோறு மஞ்சள் பூத்துக்கொண்டே போனது. “போதும் நைனா, இதுக்குமேல துன்னா என்னக் கயிறு கட்டி நங்கூரமா எறக்கலாம்” என்றேன். நர்ஸ் வந்து, அளவோடு கலந்ததுதான் சரி, பொறுக்கவும் வேண்டாம் போடவும் வேண்டாம் என்று முறத்தையே பிடுங்கி உள்ளே வைத்த பிறகுதான் நிறுத்தினார். ஆனால் ரத்தம் ஏறியது. மருந்தாலா, மாத்திரையாலா, கோழியாலா என்று கேட்டால் நைனா கோழி என்பார்.

மெட்ராசுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. பெட்டியும் ஒருவழியாக வந்து என் வீட்டுக்காரர் திரும்ப இந்தியாவை ஒட்டப் போயிருந்தார். வேலையிலிருந்து ஓடிவந்தவர் கையில் குழந்தைக்குத் தொப்பியும் கொசுவலைக் குடையும் இருந்தன. நைனா இரண்டையும் வாங்கிப் புரட்டினார். சைனா, சைனா. ஓரமாக வைத்தார்.

பிறகு குழந்தையை வாங்கினார். தண்ணீருக்குள் இறாலைப் பிடிக்கிற பதத்தில், நழுவவும் விடாமல் நசுக்கவும் செய்யாமல் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். அடுத்த காலையும் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஒண்ணும் எழுதல கண்ணு. ஒரிஜினல்” என்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குழந்தையை என் பக்கத்தில் படுக்கவைத்து, அந்தக் காலை என் கைக்குள் வைத்தார். “ஒங்கம்மா ஒன்ன இப்படி பொரட்டிப் பாக்காமலே பூட்டா. நீ பாரு. நல்லா பாரு.”

நான் புரட்டிப் பார்த்தேன்.