திருவிடந்தை தாண்டிப் போன பஸ்

பெரிய பேரன் கப்பலில் இன்ஜினியர். சின்னவன் மாவட்டக் கபடியில் கப் வாங்கினான். பேத்தி கயல்விழி கம்பெனி கேஸ் வக்கீல்.

இன்று நான் திருவிடந்தைக்குப் பஸ்ஸில் வரும்போது அவள் போன் பண்ணினாள். சதுரங்கப்பட்டினத்து ஐஸ் கம்பெனியிலிருந்து கூட்டாளிகள் நீக்கிவிட்ட ஒருவருக்காக வாதாடுகிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவர் அப்பீல் போடும் கெடுவைத் தவறவிட்டிருந்தார். கோர்ட் அந்தத் தாமதத்தை மன்னிக்காவிட்டால் கேஸ் அதோடு முடிந்தது.

"ஆயா, தாமதத்தை மன்னிச்சிட்டாங்க. இனிமே கேஸை விசாரிப்பாங்க."

பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இன்னா ஆயா, உன் ஸ்டாப் தாண்டிப் போச்சே" என்றார் கண்டக்டர்.

"பேத்தி ஜெயிச்சதைச் சொல்லிகினு இருந்தேன் நைனா. நியாயமான காரணம் கீதே, மன்னிச்சி வுடு."

சிரித்துக்கொண்டே பஸ்ஸை நிறுத்த விசில் அடித்தார்.

கயலு, கருப்பு கோட்டோடு புது போட்டோ இன்றைக்கே என் போனுக்குப் போடு. லேட்டானால் என்னிடம் எந்தக் காரணமும் செல்லாது.