ஒன்பது தோட்டமும் மெர்சி டீச்சரும்

1. கமலா டீச்சரின் போன்

“அமுதா, மெர்சி டீச்சர் வரலையாம். அவுங்க வராத ஊருக்கு நாங்க எதுக்கு? எங்க பேரையும் எடுத்துடும்மா.”

கடலூரிலிருந்து கமலா டீச்சர் இதைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அது 2009. சிதம்பரம் மேல வீதியில் என் டிராவல்ஸ் வாசலில் புது போர்டு மாட்டிப் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ‘உள்நாடு, வெளிநாடு’ என்று பெரிதாக எழுதச் சொல்லியிருந்தேன். அந்த ‘வெளிநாடு’ என்ற வார்த்தைக்கு என்னிடம் இருந்ததே இந்த ஒரு டூர்தான். மெர்சி டீச்சர் வந்தால் மொத்த குரூப்பும் வரும். அவர் வரவில்லை என்றால் அந்த வார்த்தையை அழிக்க வேண்டியதுதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் என்னைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. நான் படித்தது ஐந்தாவது. கோயில் சன்னதியில் பூ விற்றேன். வெளியூர் ஜனம் வழி கேட்டால் பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வேன் பேசிக் கொடுத்தேன். பிறகு அந்த வேனையே வாங்கினேன். பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து காசிவரை போய்த் திரும்பிய முதல் ஆள் நான்தான். மறுப்பவர்கள் என் எதிரில் வந்து மறுக்கட்டும்.

2. சாம்பலில் திராட்சை

மெர்சி டீச்சர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். அவர் பின்னால் ஓய்வு பெற்ற டீச்சர்கள் ஒரு கூட்டம், கிறிஸ்தவர்களும் இந்துக்களும் கலந்து. வேளாங்கண்ணிக்கும் என்னோடுதான் வருவார்கள், வடலூர் ஜோதிக்கும் என்னோடுதான்.

பவுல் அப்போஸ்தலர் நடந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்றார் மெர்சி டீச்சர் ஒருநாள். கிரீஸ் தேசம். நான் “அதுக்கென்ன, போயிட்டு வந்துடலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். சென்னையில் வெளிநாட்டு டூர் போடும் பாஸ்கரைப் பிடித்தேன். ஏதென்ஸ், கொரிந்து எல்லாம் போட்டவர், கடைசியில் ஒரு தீவையும் சேர்த்தார்.

“சாண்டோரினி, அக்கா. எரிமலை வெடிச்சு மிச்சம் நின்ன தீவு. அங்க போறவங்க ஒயின் டேஸ்டிங் பண்ணாம வரமாட்டாங்க.”

“டீச்சருங்களப் போயி சாராயக் கடைக்கு இட்டுக்கினு போகச் சொல்றியா?”

“சாராயம் இல்லக்கா, திராட்சை ரசம்.”

நானே தயங்கித்தான் மெர்சி டீச்சரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய சபையில் திருவிருந்து ஆராதனையில் எல்லோருக்கும் ஒரு மிடறு கொடுக்கும் திராட்சை ரசம், அவர் வீட்டுப் பீங்கான் ஜாடியில் தயாராவது. கடையில் உலர்ந்த திராட்சை வாங்கிக் கொதிக்கவைத்து, ஊறவைத்துச் செய்வார். அவர் கணவர் ஜெபராஜ் சார் குடிகாடு பக்கம் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தவர். “எனக்கு மூக்கு எப்பவோ செத்துப்போச்சும்மா. இவ ரசமும் ஒண்ணுதான், ஆசிடும் ஒண்ணுதான்” என்பார்.

“சாம்பல்ல கொடி வெளையுதா? மழை உண்டா? பந்தல் போடுவாங்களா?” மெர்சி டீச்சர் கேட்டுக்கொண்டே போனார். அந்தக் கேள்விகளை எல்லாம் நான் பாஸ்கர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அவர், தீவில் இருக்கும் எலேனி என்ற வழிகாட்டி அம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தமிழில் சொன்னார்.

மழை அபூர்வம். கடல்மேலிருந்து வரும் பனிதான் தண்ணீர். காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் பந்தல் கிடையாது. கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி சுற்றி வளர்ப்பார்கள், பழம் கூடைக்குள் பதுங்கிக்கொள்ளும். நம் பக்கத்துப் புயலில் முந்திரி சாய்வதைப் பார்த்தவள் நான். அந்த ஊர்க்காரர்கள் மூளையை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பழத்தைப் பறித்து வெயிலில் காயவைத்துத்தான் அங்கே இனிப்பு ரசம் எடுக்கிறார்கள் என்றும் எலேனி சொன்னார்.

நான் போய்ச் சொன்னதும் மெர்சி டீச்சர், “பச்சப் பழத்தையே, நாம மொட்ட மாடியில வத்தல் காயப்போடுற மாதிரி காயப்போடுறாங்களா? அத நான் கண்ணால பாக்கணும், அமுதா” என்றார். பழம் காயும் மாதத்தைக் கேட்டு டூரையே அந்த மாதத்துக்குத் தள்ளினேன். எந்தக் கம்பெனிக்காரன் செய்வான்?

3. நவக்கிரகக் கணக்கு

நம் பக்கத்தில் டூர் என்றால் ஜனம் இடத்தை எண்ணும். விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்துக் கொண்டுவந்து விடுவேன். ஒன்று குறைந்தாலும் இறங்கும்போது கேட்பார்கள். அதே கணக்கில் தீவிலும் போட்டேன். ஒரே நாளில் ஒன்பது திராட்சைத் தோட்டம்.

பாஸ்கர் அதை எலேனிக்குச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை.

“அக்கா, ஒவ்வொரு எடத்துலயும் நாலஞ்சு வகை ஊத்துவாங்களாம். ஒம்பது எடம்னா ஒங்க டீச்சருங்கள ஸ்ட்ரெச்சர்லதான் தூக்கணுமாம்.”

“குடிச்சாதான? ருசி பாக்கிறதுதான?”

“அப்ப துப்பணும். வாயில வெச்சு, கொப்புளிச்சு, பக்கத்துல இருக்கிற வாளியில துப்பிடணும். பெரிய பெரிய ஆளுங்க அப்படித்தான் பண்ணுவாங்களாம்.”

வழி கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒன்பதும் நிற்கும், டீச்சர்களும் நிற்பார்கள். நெட் சென்டரில் தோட்டம், கிளாஸ், வாளி எல்லாம் கலர் பிரின்ட் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. மஞ்சக்குப்பத்தில் நடந்தது

“இது என்ன வாளி?” என்று கேட்டார் மெர்சி டீச்சர்.

நான் பெருமையாக விளக்கினேன். அவர் படத்தைக் கீழே வைத்தார்.

“ரசத்தத் துப்பவா?”

“ஒம்பது எடம் டீச்சர், துப்பலன்னா தாங்காது.”

“திருவிருந்துல ஒரு சொட்டு கீழ விழுந்தாகூட எங்க போதகர் ஐயா பதறிப்போயிடுவாரு. மிச்சம் இருந்தா அவரே குடிச்சுக் கோப்பையத் தொடைப்பாரு. என்னப் போயி துப்பச் சொல்றியே.”

“அது சபையில ஜெபம் பண்ணுனது. இது தோட்டத்துல விக்கிறதுதான டீச்சர்?”

“ஜெபம் பண்றதுக்கு முன்னாடி அது எங்க அடுப்படியிலதான இருக்கு? அப்பகூட நான் வாயில வெச்சுத் துப்புனதில்ல. வாயில வெச்சதே இல்ல.”

ஜெபராஜ் சார் பக்கத்திலிருந்து, “நான் வேணா ஒனக்கும் சேத்துத் துப்பிடுறேன் மெர்சி” என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். மறுநாள்தான் கமலா டீச்சரின் போன் வந்தது.

5. கேட்க வேண்டிய கேள்வி

வேறு யாராக இருந்தாலும் ‘வராதவர்கள் வராமல் போகட்டும்’ என்று விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னைக் குடைந்தது. ஊருக்கே ரசம் செய்கிறவர், ஜாடியிலிருந்து வாயில் வைத்ததே இல்லையா? மறுபடி கடலூருக்குப் போனேன்.

“அப்பறம் ருசி எப்படி டீச்சர் பாப்பீங்க?”

“மோந்து பாப்பேன். வெளிச்சத்துல புடிச்சு கலர் பாப்பேன். அவ்ளோதான். திருவிருந்து அன்னிக்கு எல்லாரோடயும் சேந்து ஒரு மொடக்கு. அப்ப ருசியா பாக்க முடியும்? ஜெபத்துல இருப்பேன். நான் செய்றது நல்லா இருக்கா, சுமாரான்னு எனக்கே தெரியாது அமுதா. அத வேற யார்கிட்டப் போயி கேக்கிறது? அந்த ஊர்ல குடிச்சுப் பாத்தா வெளங்கும்னு நெனச்சேன்.”

அவருக்கு வேண்டியது ஒன்பது இடம் இல்லை, ஒரு கிளாஸ். இதை முதல் நாளே நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்து பாஸ்கருக்கு போன் போட்டேன். “ஒம்பதையும் அடிச்சிடு. பழம் காயப்போடுற வீடு ஒண்ணு போதும். மதியம் முழுக்க அங்கயே. துப்பாம ஒக்காந்து குடிக்கிற மாதிரி.”

“ஒண்ணா? அக்கா, நீங்களா பேசுறீங்க?”

அவர் எலேனியையும் லைனில் சேர்த்தார். நான் போனை மெர்சி டீச்சர் கையில் கொடுத்தேன். டீச்சர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். முதலில் வகுப்பு எடுக்கிற மாதிரி, பிறகு பக்கத்து வீட்டோடு பேசுகிற மாதிரி. பாஸ்கருக்கு நடுவில் பேச இடமே கிடைக்கவில்லை. போனை வைத்ததும் என்னிடம் சொன்னார்: “அந்த அம்மாவோட அண்ணன் தோட்டத்துலருந்துதான் அவுங்க கோயிலுக்கு ரசம் போவுதாம். அங்கயே போலாம்னு சொல்லுது.”

“போலாமா டீச்சர்?”

“நீ கமலாகிட்டப் பேசு. நான் பேசுனா அழுவா.”

கமலா டீச்சர் என்னிடம் அழவில்லை, சண்டை போட்டார். “எல்லாத்துலயும் ஒம்பது காட்டுவியே, இதுல ஒண்ணுதானா? ஏமாத்துறியா?” ‘ஒன்றை உட்கார்ந்து பார்க்கிற டூர் இது, ஓடிப் பார்க்கிற டூர் வேண்டுமானால் கும்பகோணத்துக்கு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டேன். மொத்தக் கூட்டமும் வந்தது.

6. எலேனியின் அண்ணன் வீட்டில்

கறுப்பு மண்ணில் பழம் கொத்துக்கொத்தாகக் காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்கூடைகளை டீச்சர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மெர்சி டீச்சர் ஒரு பழத்தைப் பிட்டு உள்ளே பார்த்தார். மேஜையில் தேன் நிறத்தில் சின்ன கிளாஸ் வந்தது. அவர் கண்ணை மூடவில்லை, ஜெபம் செய்யவில்லை. மெதுவாகக் குடித்தார், முழுவதும். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எப்படி டீச்சர்?” என்றேன்.

“என்னுது சுமார்தான். இந்த வாசனையும் கலரும் என் ஜாடியில வந்ததே இல்ல” என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. “கடையில காஞ்சத வாங்கிக் கொதிக்க வெக்கக் கூடாது அமுதா, பச்சப் பழத்த நாமளே காயப்போடணும். நான் தப்பா செஞ்சுக்கினு இருந்திருக்கேன்.”

ஊருக்கு வந்ததும் பன்னீர் திராட்சை வாங்கி மொட்டை மாடியில் வேட்டியில் பரப்பினார். ஜெபராஜ் சார் குச்சியோடு காக்கை விரட்டினார். கிறிஸ்துமஸ் திருவிருந்து முடிந்து வெளியே வந்த போதகர் ஐயா டீச்சரிடம் கேட்டாராம்: “இந்தத் தடவ என்னம்மா பண்ணுனீங்க? ஜனங்க கோப்பைய விடவே மாட்டேங்குறாங்க.”

அதற்குப் பிறகு நான் எத்தனையோ தேசத்துக்கு ஆள் அனுப்பிவிட்டேன். இடங்களை எண்ணுவதில் இன்றும் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பிளான் போடுவதற்கு முன்னால், வருகிறவரை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பேன்: “அங்க போயி எதத் தெரிஞ்சுக்கணும்னு ஆசப்படுறீங்க?” பதில் வர நேரமாகும். காத்திருங்கள். பதில் வந்தபிறகு டிக்கெட் போட்டால் போதும்.