முதல் சங்குக்குப் பதில்

ரயில் இரண்டாம் தரம் கூவியதும் சின்னராசு தண்டவாளத்தைப் பார்த்து ஓடினான். குனிந்து பெட்டிகளுக்குக் கீழே பார்த்தான். இரண்டு எட்டு நகர்ந்து மறுபடி குனிந்தான்.

"யோவ், சாவறதுக்கு வேற எடம் கெடைக்கல?" என்று ரயில்வே கேட்காரர் கத்தினார்.

வண்டி நகர்ந்து போயிற்று. வெறும் தண்டவாளத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு அவன் வேட்டியைத் தட்டிக்கொண்டு திரும்பினான்.

செவ்வாப்பேட்டை ரயிலடியில் கீரை வாங்கிக்கொண்டிருந்த கங்கம்மா இதைப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவளால் முடியாது. அடுத்த வீட்டில் என்ன குழம்பு, அதில் ஏன் உப்பு ஜாஸ்தி என்பது வரை கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ரைஸ் மில் களத்தில் அவளோடு நெல் துழாவும் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் சி.ஐ.டி.

சின்னராசு அதே மில்லில் பாய்லர்காரன். இன்ஜினை ஓட்டுமுன் சங்கை இரண்டு தரம் ஊதுவான். முதல் சங்குக்கு பெல்ட்டுப் பக்கம் இருப்பவர்கள் விலக வேண்டும். இரண்டாவது சங்குக்கு இன்ஜின் ஓடும். போன மாதம் ஒருநாள் அப்படித்தான் ஊதினான். பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குப்புராஜ் விலகவில்லை. ஏன் விலகவில்லை என்று சொல்ல குப்புராஜ் இல்லை.

அன்றிலிருந்து சின்னராசு மில் கேட் வரை வருவான். தூக்குச்சட்டியோடு நிற்பான். திரும்பிப் போவான். பாய்லர் அணைந்து கிடந்தது. நெல்லை அண்டாவில் கொட்டி விறகடுப்பில் அவித்துக் காயவைத்தார்கள், அரைக்கத்தான் வழியில்லை. முதலாளி பூசணிக்காய் உடைத்தார், மந்திரித்த தண்ணீர் தெளித்தார், அவன் கையில் தாயத்துக் கட்டினார். கடைசியில், நாளைக்கும் பாய்லர் மூட்டாவிட்டால் திருவாலங்காட்டிலிருந்து வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார்.

"சின்னராசு, நில்லு நைனா. அங்க இன்னாத்த பார்த்தே?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததையா குனிஞ்சு குனிஞ்சு பார்த்தே? சொல்லிடு. இல்லேன்னா எனக்கு மத்தியானம் கஞ்சி எறங்காது."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்து, வரவில்லை.

"குப்புராஜ் ஆவிக்குப் பயந்துக்கினு இருக்கேன்றாங்க, இல்ல?"

"ஆமா. பயமா?"

"வந்தா நல்லதுக்கா. ஏண்டா நகரலேன்னு கேட்டுருவேன்."

"பின்ன இன்னாதான் பேஜாரு?"

"நான் பாய்லராண்ட நிக்கிறேன். நடுவுல செவுரு. ஊதறேன். அவங்க காதுல உழுந்துச்சா, நகந்தாங்களா, எனக்கு இன்னா தெரியும்? இத்தினி வருசமா தெரியாமத்தான் ஊதிக்கினு இருந்திருக்கேன்."

கங்கம்மா கீரைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு களத்துக்கு நடந்தாள்.

மத்தியானம் மேற்கே கறுத்தது. கங்கம்மா களத்தின் நடுவில் பலகைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "மழை!" என்று கூவினாள். காய்கிற நெல்லை அந்தப் பெரிய பலகையால்தான் இழுத்துக் குவிப்பார்கள். நாலு மூலையிலும் நிற்பவர்கள் விலகி 'ஆச்சு' என்று பதில் சொல்லாமல் கயிற்றை இழுப்பதில்லை. இழுத்தால் யாராவது ஒருத்தியின் கணுக்கால் பெயர்ந்துவிடும்.

மூன்று மூலையிலிருந்து பதில் வந்தது. பூவம்மாள் நின்ற மூலையிலிருந்து வரவில்லை. முதல் தூறல் விழுந்தது. கங்கம்மா இழுக்கவில்லை.

"பூவு! வாயில இன்னாடி, கொழுக்கட்டையா?"

"வெத்தலடி!"

"துப்பிட்டுச் சொல்லு!"

"ஆச்சுடி அம்மா, ஆச்சு! நெல்லு நனையுது, இவ பேர் கூப்புட்றா!"

பலகை நகர்ந்தது. கங்கம்மா தற்செயலாகத் திரும்பினாள். கேட் கம்பியைப் பிடித்தபடி சின்னராசு நின்றிருந்தான். அவள் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஈரப் புடவையோடு நேரே முதலாளியிடம் போனாள்.

"மொதல் சங்குக்குப் பதில் சொல்லணும் மொதலாளி. எங்க களத்துல மாதிரி. எல்லாப் பக்கமும் பதில் வந்தாத்தான் ரெண்டாவது."

"சங்குக்குப் பதிலா? ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் சோறு துன்னாமலா இருக்கப்போறான்?"

முதலாளி புகையில்லாத புகைபோக்கியைப் பார்த்தார். அப்புறம் கேட்டுக்கு நடந்தார்.

"மொதல் சங்குக்கு எல்லாப் பக்கமும் பதில் சொல்லச் சொல்றேன். வருவியா?"

"பதில் வரலேன்னா ரெண்டாவது ஊத மாட்டேன். நீங்க திட்னாலும்."

"திட்ட மாட்டேன்."

"திட்டுவீங்க மொதலாளி."

"சரி, திட்டுவேன். நீ ஊதாதே."

மறுநாள் காலையில் பாய்லர் மூட்டப்பட்டது. முதல் சங்கு ஊதியது. பெல்ட்டுப் பக்கத்திலிருந்தும் உமிக் கிடங்கிலிருந்தும் களத்திலிருந்தும் பதில் வந்தது. மூட்டை அடுக்கும் இடத்திலிருந்து வரவில்லை. ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வரும்வரை எல்லாரும் நின்றார்கள். முதலாளி திட்டினார். அவன் வந்து "ஆச்சு" என்றான். இரண்டாவது சங்கு ஊதியது. நெல் அரைபட்டது. தவிடு கொஞ்சம் ஈரமாக வந்தது. குப்புராஜ் நின்ற இடத்தை யாரும் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். சாயங்காலம் சின்னராசு ரயிலடி வழியாக வீட்டுக்குப் போனான். வண்டி கூவியது. குனிந்து பார்த்தான். பிறகு ரயில்வே கேட் திறந்தது, போனான்.