‘வழக்கம்போல்’ என்று எழுதிய வாரம்

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. ராசிபுரத்தில், கொல்லிமலைச் சரக்குகளை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியின் தலைமை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். மலைமேல் ஊர்த் தொகுதிகளை நாடு என்பார்கள்; அரியூர் நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் எங்களுக்கு டிப்போக்கள் இருந்தன. அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் பெரிய கிடங்கு. மலைக்கு அப்போது ரோடு கிடையாது. உப்பும் மண்ணெண்ணெயும் மேலே போவதும், காபிக்கொட்டையும் கடுக்காயும் கீழே வருவதும் ஆள் தலையில்தான்.

ஒவ்வொரு டிப்போ மேனேஜரும் வாரம் ஒரு கடிதம் எழுதுவார். இருப்பு என்ன, எது குறைகிறது, மழை எப்படி, பாதை எப்படி என்றெல்லாம் அதில் இருக்கும். முதலாளி மட்டும் படித்துவிட்டுக் கம்பியில் குத்தி வைப்பார். அரியூர் நாட்டில் காலிச் சாக்கு குவிந்து கிடக்கும். அதே வாரம் திருப்புலி நாட்டில் சாக்கு இல்லாமல் காபிக்கொட்டை தரையில் கிடக்கும். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது.

நான்தான் முதலாளியிடம் துணிந்து சொன்னேன். எல்லாக் கடிதங்களையும் ஒரே தாளில் சுருக்கி, கிடங்குக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடலாம் என்றேன். “அவங்க வேலையை அவங்க பாத்தாப் போதாதா?” என்று முதலில் தயங்கியவர், பிறகு சரி என்றார். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி எழுதி விரல் காய்த்துப் போனது. ஆனால் பலன் உடனே தெரிந்தது. இரண்டே வாரத்தில் அரியூர் சாக்குகள் யாரும் சொல்லாமலே திருப்புலி நாட்டுக்குப் போயின. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

எனக்குத் தொல்லை கொடுத்தவர் ஒருவர்தான். திருப்புலி நாட்டு மேனேஜர். மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. மற்றவர்கள் பத்து வரி எழுதினால் இவர் தாள் கொள்ளாமல் எழுதுவார். மரவள்ளிக் காட்டில் பன்றி புகுந்தது, எந்த ஓடையில் தண்ணீர் எந்தக் கல் வரை வந்தது என்று எல்லாம் இருக்கும். அதிலிருந்து இரண்டு வரி பிழிந்தெடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு கார்த்திகை மாதம், நான்கு நாள் விடாமல் அடைமழை. அந்த வாரமும் அவருடைய கடிதம் நீளமாக வந்தது. பன்றிக் கதையில் ஆரம்பித்து, மாட்டுக் குளம்பில் புண் என்பது வரை படித்தேன். வேறு வேலை குவிந்து கிடந்தது. தாளில், ‘திருப்புலி நாடு: வழக்கம்போல்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மலைமேல் உப்பு தீர்ந்துகொண்டிருந்தது. புதன்கிழமை விடியற்காலை எங்கள் சுமையாட்கள் பதினெட்டுப் பேரும் உப்பு மூட்டையோடு முள்ளுக்குறிச்சியிலிருந்து திருப்புலி நாட்டுக்கு ஏற வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. ஆனால் அன்று காலையே எங்களுக்கு ஆள் வந்தது. கிடங்கு மேனேஜர் அம்மா ஆட்களை அனுப்ப மறுக்கிறார் என்று.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்தபோது, அவருடைய மனைவி, “சாவி எங்கிட்டயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேனுங்க” என்று முதலாளியிடம் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டார். நாற்பது வயது இருக்கும். சொந்த நிலத்தில் பண்ணையமும் பார்த்துக்கொண்டு, கிடங்கையும் ஒரு குறை இல்லாமல் நடத்தினார். இப்படி உத்தரவை மீறியது அதுதான் முதல் தடவை.

“போய் என்னன்னு பாத்துட்டு, ஆளுகளை ஏத்தி உட்டுட்டு வா” என்று முதலாளி என்னை அனுப்பினார். எனக்குக் கோபம். என் தாளைப் பார்த்த பிறகும் மறுப்பதா? அவர் வாயை அடைக்க வேண்டும் என்று அந்த வாரத்துக் கடிதங்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு கரி பஸ்ஸில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மழை நின்று வானம் வெளுத்திருந்தது. கிடங்கு வாசலில் மூட்டைகள் அடுக்கியபடி இருக்க, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“ஏனுங்கக்கா, பாதையில ஒண்ணும் இல்லைன்னு தாள்ல எழுதியிருக்குதுங்களே! படிச்சீங்களா இல்லீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “படிச்சதுனாலதானுங்க தம்பி நிறுத்துனேன். அந்த மேனேஜரு ஒரு நாளும் வழக்கம்போல்னு எழுதற ஆளில்லீங்க. சரக்கோட எங்களுக்கு அனுப்பற சீட்டுலயே, சும்மா தூறல் போட்டாலும் பத்து வரி எழுதுவாரு. இத்தனை மழைக்கு ஒத்தை வார்த்தைதான் எழுதியிருக்காருன்னா, ஒண்ணு அவருக்கு ஒடம்புக்கு ஆகலை. இல்லாட்டி அவரு எழுதுனது எங்களுக்கு வந்து சேரலை. அது என்னன்னு தெரியாம நான் எப்படீங்க ஆளை ஏத்தறது?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து, “இந்தாங்க, கேளுங்க” என்று சத்தமாகப் படித்தேன். பன்றி வந்தது. மாட்டுக் குளம்பு வந்தது. தாள் முடிந்தது.

“பொறத்தால எழுதியிருக்குதுங்களே” என்றார் அந்த அம்மா, கடிதத்தையே பார்த்துக்கொண்டு.

திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எழுத்து. அதையும் உரக்கவே படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது ஓடைக்கு மேலே இருக்கிற பெரிய பாறையில் வெடிப்பு விட்டிருக்கிறது, அடியில் மண் கரைகிறது, நான் மறுபடி எழுதும் வரை யாரையும் அந்தப் பாதையில் அனுப்ப வேண்டாம், அவசரமானால் அரியூர் வழியாகச் சுற்றி அனுப்புங்கள் என்று இருந்தது.

கடிதத்தை மடித்தேன். பிறகு சுமையாட்களின் மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். “உச்சி நேரத்துல மலைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டுதுங்க. இடின்னு நெனச்சோம். வானம் வெளுப்பா இருந்துதே, இடி எப்படின்னு அப்பவே ரோசனையாத்தான் இருந்துது.”

காலையில் கிளம்பியிருந்தால் உச்சி நேரத்துக்கு அவர்கள் இரண்டாவது ஓடையில் இருந்திருப்பார்கள்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். அந்த அம்மா ராகிக் களியும் கீரையும் போட்டார். ஒரு வார்த்தை என்னைக் குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலை ஆட்கள் அரியூர் வழியாகப் போக மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, முழங்கால் வரை சேற்றோடு ஒருவர் வந்து நின்றார். திருப்புலி நாட்டு மேனேஜர். அப்போதுதான் அவரை நேரில் பார்க்கிறேன். பாறை உருண்டு பாதையே இல்லாமல் போனதைப் பார்த்துவிட்டு, அடியில் யாராவது சிக்கியிருப்பார்களோ என்று பயந்து, அரியூர் வழியாகச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார். வந்ததும் ஆட்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினார். பதினெட்டு என்று முடிந்ததும் ஒரு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் எதிரே போய் நின்று, “நீங்க எழுதுனதை நான் முழுசாப் படிக்கலீங்க. தப்பு என்னோடதுங்க” என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பன்னியை மொதல்ல எழுதிப்போட்டுப் பாறையைக் கடைசியில எழுதுனது என் தப்புத்தான் சாமி. இனிமேப்பட்டு அவசரமானதை முன்னால எழுதறேன்” என்றார்.

ராசிபுரம் திரும்பியதும் முதலாளியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், “அடுத்த தாளை எப்பக் கொண்டுவருவே?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரத் தாளின் தலைப்பிலேயே, சென்ற வாரம் நான் செய்த தவறை என் கைப்பட எழுதி எல்லா மேனேஜர்களுக்கும் அனுப்பினேன். அன்றிலிருந்து பாதை, மழை, காய்ச்சல் ஆகிய மூன்றையும் சுருக்காமல், மேனேஜர்கள் எழுதிய வார்த்தையிலேயே தாளின் உச்சியில் எழுதுவது வழக்கமாயிற்று. அவர்களும் சந்தேகம் வந்தால் உடனே ஆள் விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனியில் நான் இருந்த அத்தனை வருஷமும் அந்தத் தாள் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதை நான் இன்றும் பெருமையாகவே சொல்வேன்.

அந்தப் பதினெட்டுப் பேரும் பிழைத்தது என் தாளால் அல்ல. அதுவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்திராத ஒரு மனிதரை அவர் எழுத்தை வைத்தே அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒரு பெண்ணால். அப்படி யாரையும் கவனித்துப் படிக்கிறேனா என்று, கையில் ஒரு கடிதம் வரும்போதெல்லாம் என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன்.